இந்தப் பக்க வரிசை

கேமராவுக்குப் பின்னால் போய்விட்டால் விஷ்ணுப்ரியாவுக்கு மனுஷர்கள் மறந்துபோவார்கள். மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அப்போது அவளுக்கு நேர்க்கோடு, சாய்வுக்கோடு, குறுக்கே வந்து கெடுக்கிற கோடு, அவ்வளவுதான். மற்ற நேரத்தில் தங்கமானவள். தலத்தெருவில் வீடு, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, சிங்கப்பூரில் புருஷன். அவர் ஒரு லீவுக்கு வந்தபோது வாங்கிவந்த கேமராதான் அவளை இந்தக் கதிக்கு ஆளாக்கியது. இணைகோடுகள் எங்கேயும் சந்திக்காது என்று வாரம் முழுக்க வகுப்பில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவை சந்திக்கிற இடத்தைப் படம் பிடிக்கிற டீச்சர் காரைக்காலில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அவளுடைய தம்பி அஷ்வின் மனைவி, மகளோடு கோட்டுச்சேரியில், அவர்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போனால் சாப்பாட்டுக்கு முன்னால் பாடம் நடக்கும்.

"ரோடு, வாய்க்கா, வேலி, எதுவா இருந்தாலும் சரிடா. படத்துல ஒரு கோடு இருந்தா கண்ணு அது மேலயே நடந்து போவும். அது போயி முடியிற எடத்துல ஆள நிறுத்தணும். அங்க ஒண்ணும் இல்லன்னா கண்ணு ஏமாந்துடும். கோடு படத்த விட்டு வெளிய போச்சுன்னா கண்ணும் அதோட வெளிய போயிடும்."

"கோட்டுச்சேரில பொறந்தா கோட்டுப் புத்திதானே வரும்," என்பான் அஷ்வின். அவன் மனைவி சந்திரலேகா சிரித்துக்கொண்டே சோறு போடுவாள்.

சந்திரலேகாவுக்குச் சிரிக்க வரும் என்பதே அந்த வீட்டில் பலருக்குக் கொஞ்ச நாளாகத்தான் தெரியும். அவள் போலகத்துப் பெண். அப்பா அம்மா இல்லை. அண்ணன் காத்தமுத்துவும் அண்ணி பெரியநாயகியும்தான் வளர்த்தார்கள். அஷ்வினை விரும்பி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் அண்ணனுக்குச் சொன்னாள். காத்தமுத்து கத்தவில்லை, ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கும் வரவில்லை. "எங்கிட்ட சொல்ல வேண்டியத சொல்லாதவளுக்கு இனிமே சொல்ல என்ன இருக்கு," என்று யாரிடமோ சொன்னாராம். அதோடு சரி. ஆறு வருஷமாகப் போலகத்திலிருந்து கோட்டுச்சேரிக்கு வரும் பஸ்ஸில் அவர் ஏறியதில்லை. ஒருமுறை காரைக்கால் மார்க்கெட்டில் தங்கையைப் பார்த்துவிட்டு சைக்கிளை வேறு சந்தில் திருப்பிக்கொண்டு போனார்.

புகுந்த வீட்டு விசேஷங்களில் யாராவது ஒரு பெரியம்மா வாயைத் திறந்து "தாய்வீட்டு வரிசை இன்னும் வரலியா?" என்று கேட்டுவிடுவார். தெரியாமல் கேட்பார்களோ தெரிந்தே கேட்பார்களோ, சந்திரலேகா அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். வளைகாப்புக்கும் வரவில்லை, குழந்தைக்குப் பேர் வைத்ததற்கும் வரவில்லை. அவமானத்தில் அவள் முகம் கறுத்துப்போவதைப் பார்க்க மாட்டாமல் விஷ்ணுப்ரியாவே இரண்டொரு முறை அந்தப் பெரியம்மாக்களிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் குழந்தையின் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒரு வயதில் குத்தவில்லை, மூன்று வயதிலும் குத்தவில்லை. தூரத்து உறவில் மாமன் முறையாகிற ஒருவரை உட்கார வைக்கலாம் என்று அஷ்வின் வீட்டில் சொன்னார்கள். "எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப எம்பொண்ண வேற மடியில உட்கார வைக்க மாட்டன்," என்றுவிட்டாள் சந்திரலேகா. மகள் தன்ஷிகாவுக்கு இப்போது ஐந்து வயது. ஒட்டுத்தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அஷ்வின் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போலகம் போனான். காத்தமுத்து வயலில் நின்றார், இவன் வரப்பில் நின்றான். பேச்சு நடக்கவில்லை. அடுத்த வாரமும் போய் நின்றான். அதற்கடுத்த வாரம் அறுப்பு மிஷின் வயலில் இறங்கிய நாள். மிஷின் சத்தத்துக்கு மேலே காத்தமுத்து கேட்டார். "காதுகுத்து எப்ப வச்சிருக்கீங்க?"

அதைக் கேட்ட அன்றைக்குச் சந்திரலேகா உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்துபோனாள்.

காதுகுத்து மாசி முதல் வாரம், குலதெய்வமான மாரியம்மன் கோயிலில் என்று முடிவாயிற்று. வெளி போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று விஷ்ணுப்ரியா சொன்னாள். தம்பி பெண்ணுக்குச் செய்கிற ஆசை ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. அவள் இருந்த புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் அந்த மாதப் போட்டிக்குத் தலைப்பு "கோடுகள்". முதல் நாள் சாயங்காலமே போய்க் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

கோயில் வயலுக்கு நடுவே இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் ஒரே நேராக சிமெண்டுப் பாதை. பாதையை ஒட்டி இடதுபக்கம் வாய்க்கால், வலதுபக்கம் மின்கம்பங்கள். இரண்டு பக்கத்து வயலிலும் அறுப்பு மிஷின் விட்டுப்போன வைக்கோல் வரிவரியாகக் கிடந்தது. தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் பார்த்தால் அத்தனை கோடும் ஓடிப்போய்க் கோயில் வாசலில் ஒன்று சேர்ந்தன. அங்கே ஆரத்தித் தட்டோடு சந்திரலேகா நிற்பாள். பாதையில் மாமன் வரிசைத் தட்டுகள் அவளை நோக்கிப் போகும். விஷ்ணுப்ரியாவின் மனசுக்குள் படம் அப்போதே பிரிண்ட் ஆகிவிட்டது.

அத்தை என்ற முறையில் அவளும் ஒரு வரிசை வைத்தாள். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள், ஒரே நிறத்தில் பட்டுப்புடவை. எல்லாம் பித்தளைத் தாம்பாளம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரே மாதிரி வலைத்துணி. அத்தை வரிசை மாமன் வரிசைக்குப் பின்னால்தான் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் இரண்டு இணைகோடு கிடைக்குமே என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அவளைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்?

காலையில் மேளக்காரர்கள் ரோட்டோரம் ஊத ஆரம்பித்தபோது போலகத்து டாடா ஏஸ் வந்து நின்றது. காத்தமுத்து புது வேட்டி கட்டியிருந்தார். மடிப்புக் கோடு கலையாமல் அப்படியே இருந்தது. அவரோடு பெரியநாயகியும் தெருக்காரப் பெண்கள் கொஞ்சம் பேரும் இறங்கினார்கள். தட்டுகளை இறக்கினார்கள். எவர்சில்வர் தட்டு, அலுமினியத் தட்டு, ஆளுக்கு ஒரு சைஸ். வாழைப்பழம், மாலை, பாவாடை சட்டை, வெல்லம், ஒரு குட்டி வெல்வெட் பெட்டியில் தங்கத் தோடு. சர்க்கரை ஒரு பச்சை வாளியில் இருந்தது. முன்னால் நின்ற பெரியநாயகி இரண்டு கையாலும் ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் அன்னக்கூடையைப் பிடித்திருந்தாள். அதில் அவர்கள் வயலில் விளைந்த புது அரிசி கோபுரமாகக் குவிந்திருந்தது.

அஷ்வின் ஓடிப்போய்க் கும்பிட்டான். "வாங்க மச்சான்." காத்தமுத்து தலையை ஆட்டினார். பதிலுக்கு மாப்பிள்ளை என்று இன்னும் வாயில் வரவில்லை. எட்டத்தில், கோயில் வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

விஷ்ணுப்ரியா பாதையில் குப்புறப் படுத்திருந்தாள். பட்டுப்புடவையோடு ஒரு டீச்சரம்மா சிமெண்டில் படுத்துக் கிடப்பதைப் போலகத்துப் பெண்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. இரண்டு வரிசையும் கேமராவுக்கு இரண்டு பக்கமும் நின்றன. வலதுபக்கம் பித்தளை வெயிலில் மின்னிக்கொண்டு ஒரே சீராக ஓடியது. இடதுபக்கம் ரோஸ், பச்சை, வெள்ளி, அலுமினியம். கண் வாசலுக்குப் போவதற்குப் பதிலாக அன்னக்கூடையில் வந்து மோதி நின்றது. வாய்க்கால் கோடும் மறைந்துபோயிற்று. அவள் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் நீட்டி ஆட்டினாள்.

"இந்தப் பக்க வரிசை வேணாம். அந்த வரிசை மட்டும் போதும்."

மேளச் சத்தத்தில் காத்தமுத்து குனிந்தார். "என்னாங்க?"

"இந்த வரிசை வேணாங்க. நல்லால்ல. கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க."

காத்தமுத்து நிமிர்ந்தார். பெரியநாயகி கூடையோடு அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அக்கா, அந்த வீட்டின் மூத்த பெண், வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இந்த வரிசை வேண்டாம். அந்த வரிசை என்று அவள் காட்டியது அவளுடைய சொந்த வரிசையை. இதற்கு மேல் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"அப்ப சரிங்க," என்றார் காத்தமுத்து. திரும்பினார்.

வ்யூஃபைண்டரில் இடதுபக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. வாய்க்கால் தெரிந்தது. விஷ்ணுப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆங், அப்புடியே போங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் தள்ளி. அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினாள். அவள் அன்றைக்குச் சொன்னதிலேயே அதுதான் மகா பாவம். போகிறவர்களை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிற்று.

எழுந்து உட்கார்ந்து, திரையில் படத்தைப் பார்த்தாள். பாதை, வாய்க்கால், கம்பம், பித்தளைத் தட்டுகள், எல்லாம் நூல் பிடித்தாற்போல் வாசலுக்குப் போயின. வாசலில் சந்திரலேகா. முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கினாள். முகம் தெளிவாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் அந்த முகம் கேமராவைப் பார்க்கவில்லை, தன்னை நோக்கி வருகிற தட்டுகளையும் பார்க்கவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. கண் இரண்டும் இடதுபக்கம் எதையோ பார்த்து நிலைகுத்தி நின்றன.

ஆள் பார்க்கிற பார்வையும் ஒரு கோடுதான் என்று அவள் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வரைந்த கோட்டைவிட அது பலமாக இழுக்கும் என்பாள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே அவள் விரலும் திரையில் இடதுபக்கம் நகர்ந்தது. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ரோஸ் கலர் கூடை. அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் தோள்.

விஷ்ணுப்ரியா திரும்பிப் பார்த்தாள். ரோட்டில், போலகத்துப் பெண்கள் தட்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அவள் காதில் அப்போதுதான் விழுந்தது. கேமராவை வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெட்கம் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது முகத்தில் மட்டும்தான் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது கால் வரைக்கும் வந்தது.

அவளைத் தாண்டிச் சந்திரலேகா ஓடினாள். ஆரத்தித் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடியதில் சிவப்புத் தண்ணீர் தளும்பிப் புடவை முழுக்கக் கொட்டியிருந்தது.

"அண்ணே."

காத்தமுத்து வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றார். "வாம்மா. நல்லா இருக்கியா?" ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் கேட்டது அதுதான். "ஒம்மேல எனக்கு வருத்தம் இல்ல. நீ ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொன்ன எடத்துல வரிசைய வச்சுக்கிட்டு நாங்க எப்புடி நிக்கிறது, நீயே சொல்லு."

"நான் வேணும்னுதானே அண்ணே ஆறு வருஷமா..." அஷ்வின் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

விஷ்ணுப்ரியா எப்படியோ நடந்து வந்தாள். புடவை முன்பக்கமெல்லாம் சிமெண்டுத் தூசி. "பாப்பா மாமா, நான் தட்டு வரிசையச் சொல்லலங்க," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "ஆளுங்க நின்ன வரிசையச் சொன்னன். ரெண்டு வரிசை நின்னா படத்துல வாய்க்கா தெரியல. அதுக்காகச் சொன்னங்க. சத்தியமா சீர் வேணாம்னு சொல்லல."

காத்தமுத்து முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆளு நின்ன வரிசையா."

"ஆமாங்க. எனக்கு எப்பப் பாத்தாலும் வரிசை, கோடு, இதே பேச்சுதாங்க. யார வேணா கேளுங்க." செல்போனை எடுத்து, படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். தண்டவாள வரிசை. பனைமர வரிசை. கடற்கரையில் கட்டிப்போட்ட படகு வரிசை. பள்ளிக்கூடத்துத் தூண் வரிசை. ஒரு மனுஷன் முகம்கூட இல்லாமல் முந்நூறு நானூறு படம். தன் பைத்தியத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டு நின்றாள் அவள்.

"மச்சான், அக்காவுக்கு இது வியாதி," என்றான் அஷ்வின். "எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட என்னய விட்டுட்டுப் படிக்கட்டத்தான் எடுத்துச்சு."

காத்தமுத்து போனை வாங்கித் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு படத்தில் நின்றார். வரிசை நடவு நட்ட வயல் அது. "நடவுக்குக் கயிறு புடிக்கிறமே, அந்த மாதிரியா?"

"அதேதாங்க."

"கயித்துக்கு வெளிய நாங்க நின்னுட்டம்."

விஷ்ணுப்ரியா தலையை ஆட்டினாள். காத்தமுத்து போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் உதட்டோரம் கொஞ்சம் இளகிற்று. அஷ்வின் பக்கம் திரும்பி, "என்னா மாப்ள, அக்காவுக்கு இப்புடின்னு போலகத்துக்கு வந்தப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். மாப்ள என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்திரலேகா ஆரத்தித் தட்டோடு அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். பெரியநாயகி அவளைத் தூக்கிவிட்டாள்.

வரிசை மறுபடி இறங்கியது. இந்தமுறை மாமன் வரிசை முன்னால் போயிற்று, அத்தை வரிசை பின்னால் போயிற்று. விஷ்ணுப்ரியா படுக்கவுமில்லை, குந்தவுமில்லை. எல்லாரையும் போல நின்ற இடத்திலிருந்து எடுத்தாள். எல்லாரும் விழுந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தாள். குழந்தை காத்தமுத்துவின் மடியில் உட்கார்ந்தது. அவர் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி காது குத்தியபோது வீறிட்டு அழுத குழந்தையைவிட மாமன்காரரின் கண்தான் அதிகம் கலங்கியது. தோட்டை மாட்டி முடித்த பிறகும் அவர் குழந்தையை இறக்கிவிடவில்லை.

கோயிலிலேயே நடந்த பந்தியில் முதல் இலையில் காத்தமுத்து உட்கார்ந்தார். இந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைப்பாரா என்று சந்திரலேகாவுக்குக் கடைசி வரைக்கும் பயம்தான். அவர் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தி முழுக்க அந்தக் கதைதான். அப்பளம் போட வந்தவன் "இந்த வரிசைக்கு வேணுமா, வேணாமா?" என்று கேட்டான். ஒரே சிரிப்பு. காலையில் போலகத்துப் பெண்கள் முகம் சுருங்கி நின்றதை இப்போது அவர்களே நடித்துக் காட்டினார்கள். டீச்சரம்மா படுத்துக் கிடந்த அழகையும் ஒருத்தி செய்து காட்டினாள். விஷ்ணுப்ரியாவும் சிரித்தாள். ஒரு வார்த்தைதானே மாறிப்போயிற்று, யாருக்கும் வருகிற தப்புதானே என்று அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நெஞ்சுக்குள் இருந்த பாரம் பாயசம் வருவதற்குள் பாதி இறங்கியிருந்தது.

கை கழுவப் போனபோது பின்பக்கக் குழாயடியில் பெரியநாயகி இருந்தாள். அன்னக்கூடையிலிருந்த அரிசியைச் சந்திரலேகாவுக்காக ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"பாப்பா அத்த, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"ஆளு நின்ன வரிசையத்தான் சொன்னீங்க. நான் ஒத்துக்கறன்." கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "ரெண்டு வரிசை நின்னுச்சு. அதுல எங்க வரிசைய ஏன் வேணாம்னீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். விஷ்ணுப்ரியாவிடம் பதில்கள் இருந்தன. இடதுபக்கம் வாய்க்கால், அது நல்ல கோடு, மறைக்கக் கூடாது. வெயில் வலதுபக்கத்துத் தட்டில் விழுந்தது. இதையெல்லாம் சொன்னால் புகைப்படக் குழுவில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் வாய் வரைக்கும் வந்தது உள்ளே போய்விட்டது. ஏனென்றால் காலையில் வ்யூஃபைண்டரில் அவள் வாய்க்காலைத் தேடவில்லை. முதலில் பார்த்தது இந்தக் கூடையை. பார்த்ததும் சீ என்றிருந்தது. அந்தச் சீ கோட்டுக்காக வந்ததா, போலகத்திலிருந்து இப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு விசேஷத்தில் நிற்கிறார்களே என்று வந்ததா? அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காதவரைக்கும் தெரியாத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"கூடையும் வாளியும் நல்லா இல்லன்னு தோணிடுச்சுக்கா," என்றாள். "எங்க தட்டெல்லாம் ஒரே மாதிரி, பளிச்சுன்னு இருந்துச்சு."

பெரியநாயகி தலையை ஆட்டினாள். "நெனச்சன்." முந்தானையால் கூடையைத் துடைத்தாள். "எதுத்த வீட்டுல தாம்பாளம் ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாம்னு நான் சொன்னன். அவருதான் கேக்கல. தங்கச்சிக்கு ஆறு வருஷத்துக்கும் சேத்து அரிசி போவணும், தட்டுல எப்புடிக் கொள்ளும்னாரு. கடையில இருந்ததுலயே பெரிசா எடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு."

விஷ்ணுப்ரியாவுக்குக் குழாயைத் திருகக் கை வரவில்லை. கையில் சாப்பாடு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. காலையில் வந்த வெட்கத்துக்காவது ஒரு வார்த்தை காரணமாக இருந்தது, விளக்கம் சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

"நான் அவர்ட்ட சொல்லிடறங்க்கா. உள்ளதச் சொல்லி மன்னிப்பு கேட்டுடறன்."

"வேணாம்."

"இல்லக்கா, மனசு கேக்க மாட்டேங்குது."

"சொன்னீங்கன்னா ஒங்க மனசு லேசாயிடும்," என்றாள் பெரியநாயகி. "அவரு வண்டியில ஏறிப் போயிடுவாரு. இந்தப் பக்கம் திரும்ப வரமாட்டாரு. அந்தப் பொண்ணு ஆறு வருஷம் அழுதாச்சு. தெரியாம சொன்னதாவே இருக்கட்டும். நீங்க எல்லாரோடயும் சிரிச்சுக்கிட்டே இருங்க."

கூடையை விஷ்ணுப்ரியாவிடம் நீட்டினாள். "இது சந்திராவுக்கு வாங்குனது. புதுசுதான். உள்ள வச்சிடுங்க."

விஷ்ணுப்ரியா இடது கையால் வாங்கக் கூடாதே என்று அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பெரியநாயகி முன்பக்கம் போனாள்.

வண்டி கிளம்புகிற நேரம். தன்ஷிகா மாமன் தோளில் உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சந்திரலேகா அண்ணன் பக்கத்திலேயே, சின்னப் பிள்ளை மாதிரி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டமே வழியனுப்ப ரோட்டுக்கு வந்திருந்தது. காத்தமுத்து விஷ்ணுப்ரியாவைத் தேடிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, கடைசியா ஒரு படம் எடுத்துக்குவம். நாங்க எந்தப் பக்கம் நின்னா கெடுக்காதுன்னு சொல்லிடுங்க. இப்பவே போயி நின்னுக்கறம்."

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சந்திரலேகா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அண்ணன் தோளில் சாய்ந்து சிரித்தாள். காத்தமுத்து சிரிக்காமல் விஷ்ணுப்ரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்த பெரியநாயகியும் பார்த்தாள்.

விஷ்ணுப்ரியா சிரித்தாள். பிறகுதான் அவரும் சிரித்தார்.